பாலியல் தொழிலில் உள்ள பெண்களிடையே பால்வினை நோய்களைத் தடுக்க ஆணுறை கொடுத்தால் போதாதா?

சமூகப்பணி படிக்கும் மாணவி என்று குறிப்பிட்டு, ஆணுறை இலவசமாகக் கிடைத்தும் இப்பெண்களிடையே பால்வினை நோய்கள் ஏன் தொடர்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒரு நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பணியாற்றியவள் நான். ஆணுறை கட்டாயம் வேண்டும். ஆனால் அதை அணிய மறுக்கும் ஆளைத் திருப்பி அனுப்பினாலும் அன்றைய சோற்றுக்கும் வட்டிக்கும் வழியிருக்கும் என்ற நிலையில் அந்தப் பெண் இருந்தால்தான் அது அவளைக் காக்கும்.

இதற்கு நான் அறிந்த தெளிவான சான்று, பாலியல் தொழில் நடக்கும் தெருக்களைக் கொண்ட கொல்கத்தாவின் சோனாகாச்சி. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா அங்கே நோய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. 1990களின் இறுதிக்குள் அது எண்பதைத் தாண்டியது. அதே காலத்தில் மும்பையில் இத்தொழிலில் இருந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது, சோனாகாச்சியில் அது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே நின்றது.

இந்த மாற்றம் அறிவுரையால் மட்டும் வந்துவிடவில்லை. அத்தொழிலிலேயே இருந்த பெண்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, அவர்களையே வீடு வீடாகச் சென்று பேச வைத்தார்கள். அப்படிப் பேசப் பேசத்தான் உண்மையான தடைகள் வெளியே வந்தன. ஆணுறை வேண்டாம் என்று கூடுதல் பணம் நீட்டுபவனை ஒருத்தி மறுத்தால், அவன் அடுத்த அறைக்குப் போவான். அங்கே கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டிய இன்னொருத்தி சம்மதிப்பாள். தெருவே சேர்ந்து மறுத்தால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. 1995இல் அப்பெண்கள் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற தங்கள் சொந்தச் சங்கத்தையும், கந்துவட்டியிலிருந்து மீள உஷா என்ற கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். கூட்டுறவு உறுப்பினர் நல்லொழுக்கம் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றபோது, பொய்த் தொழில் எதையும் எழுதிக் கொடுக்காமல், அரசிடம் வாதாடி அந்தத் தடையை விலக்க வைத்தார்கள். சேமிப்புப் புத்தகம் ஒரு நோய்த் தடுப்புக் கருவி என்று நான் சொன்னால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அதில் துளியும் ஐயமில்லை.

தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட தெருக்கள் இல்லை. இங்கே பேருந்து நிலையம், லாட்ஜ், வாடகை வீடு, இப்போது கைப்பேசி என்று தொழில் சிதறிக் கிடப்பதால், ஒருத்தியின் மறுப்பு மற்றவளுக்குத் தெரிவதே இல்லை. இதே தொழிலிலிருந்து களப்பணிக்கு வந்த தோழிகளும் அவர்கள் நடத்தும் சிறு அமைப்புகளும்தான் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. போலீஸ் பயம் வேறு. கைப்பையில் ஆணுறை இருந்தாலே வழக்குப் போடுவார்கள் என்று அஞ்சி அதை எடுத்துச் செல்லாத பெண்களோடு நான் பேசியிருக்கிறேன். ஆணுறையைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் அறிவுறுத்தியது. அந்த உத்தரவு காவல் நிலையம் வரை போய்ச் சேர வேண்டும்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, கொனோரியா, கிளமிடியா என்னும் பால்வினை நோய்கள் பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே கருப்பைக் குழாய்களைக் கெடுக்கக்கூடியவை. ஆகவே ஒன்றும் தெரியவில்லை என்றாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஃபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு ரத்தம் கொடுப்பதும் அவசியம். தொடக்க நிலை சிஃபிலிஸைப் பென்சாதீன் பென்சிலின் ஊசி ஒன்றே குணமாக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை அரைகுறையாக வேலை செய்து, கிருமியை மருந்துக்கு அடங்காததாக்கிவிடக்கூடும். சோப்பு, டெட்டால் போட்டு உள்ளே கழுவுவது பாதுகாப்பு அன்று. அது உட்சவ்வைப் புண்ணாக்கித் தொற்றுக்கு வழி திறக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் ஆணுறை கிழியும்; நீர் கலந்த வழுவழுப்புக் களிம்புதான் சரி. ஆணுறை கிழிந்தாலோ வன்முறை நடந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 28 நாட்களுக்குத் தருவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

திட்டங்கள் எளிதில் எட்டாத ஓர் ஆள் உண்டு. அவர் அப்பெண்ணின் கணவர் அல்லது நிரந்தரத் துணை. வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் ஆணுறையை வற்புறுத்தும் பெண், வீட்டில் அதை எடுப்பதே இல்லை. "அவர்கிட்ட போய் அதைக் கேட்டா, நான் அவரையும் கஸ்டமர் மாதிரி நடத்துறேன்னு நினைப்பார் அக்கா" என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால், குணமானவளுக்கு அதே நோய் வீட்டிலிருந்தே திரும்ப வரும். அவரை மருத்துவமனைக்கு அழைத்துவர முடியாதபோது அவள் கையிலேயே மாத்திரையைக் கொடுத்தனுப்ப மருத்துவர்கள் இசைவது நல்லது என்பது என் கருத்து.

உங்கள் ஆய்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். "ஆணுறை பயன்படுத்துகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எப்போது ஒருவரைத் திருப்பி அனுப்பினீர்கள், அன்று வீட்டுச் செலவுக்கு என்ன செய்தீர்கள், யாருக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள்; பெயரையும் முகவரியையும் தாளில் எழுதாதீர்கள்.