கல் வரப்பில் சரசரக்கும் பாம்பு: தட்டினால் ஓடுமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் மானாவாரி மாந்தோப்பு. பழைய கல் வரப்பைப் பிரித்தபோது ஒரு முழம்கூட இல்லாத பாம்பு, உடம்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு சரசரவென்று ஒலி எழுப்பியது. கண்ணாடி விரியன் குட்டியா? தடியால் தட்டி ஓட்டிவிட்டு வேலை செய்யலாமா?

பதில்: அந்த ஒலியே அடையாளம் சொல்லிவிடுகிறது. அது சுருட்டை விரியன். விலாவில் சாய்வாக அடுக்கிய செதில்களின் நடுவரம்பு ரம்பப் பல் போலிருக்கும். பிறை போல மடிந்து மடிப்புகளை எதிரெதிராகத் தேய்க்கும்போது, மணல் காகிதத்தை உரசியது போலச் சத்தம் வரும். கண்ணாடி விரியன் குட்டி இப்படி உரசாது, சீறும். முதுகில் சங்கிலி போன்ற வட்டங்கள் மூன்று வரிசையாக ஓடும். சுருட்டைக்கு விலாவில் வெளிறிய அலைக்கோடும், தலையில் பறவைக் காலடி போன்ற குறியும் உண்டு. பூனைப் பாம்பையும் பலர் சுருட்டை என்று அடித்துவிடுகிறார்கள். அதற்கு உடல் ஒல்லி, வால் நீளம். மனித உயிருக்கு ஆபத்தில்லாதது.

தட்டினால் ஓடுவது சாரை. சுருட்டை தன் மண் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும். கை பக்கத்தில் வந்ததும் நொடியில் கொத்தும். கிருஷ்ணகிரி, தருமபுரியின் கரட்டு நிலமும் காய்ந்த புல்லும் அதற்கு ஏற்ற இடம். தேள், பூரான், ஓணான், தவளை, சுண்டெலி எல்லாம் அதன் இரை. கல் வரப்பில் இவை அத்தனையும் கிடைக்கும். முட்டையிடாது, குட்டி போடும். தென்னிந்தியாவில் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் 4 முதல் 8. பிறந்த குட்டிக்கும் நஞ்சு உண்டு.

வரப்பை மேலிருந்து, நல்ல வெளிச்சத்தில் பிரியுங்கள். கல்லுக்கு அடியில் விரலை நுழைக்கவே கூடாது. கடப்பாரையைக் கல்லின் மறுபக்க விளிம்பில் மாட்டிக் கல்லை உங்கள் பக்கம் சாயுங்கள் என்றால், உங்கள் பக்கமாகச் சாய்த்துப் புரட்டுங்கள். அடியிலுள்ள பொந்து எதிர்ப்புறமாகத் திறக்கும். உங்களுக்கும் பாம்புக்கும் நடுவே கல் நிற்கும். கால் பக்கமாகத் திறக்கும்படி புரட்டுவதால்தான் பலருக்குக் கடி விழுகிறது. கணுக்காலை மூடும் ஷூவும் கெட்டித் தோல் கையுறையும் போடுங்கள். பிரித்த கல்லை வீட்டுச் சுவரோரம் குவித்தால் பாம்புக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தது போலாகும். மழைக்காலத்தில் சுருட்டை புதர்மேலும் ஏறிக் கிடக்கும், கிளை கழிக்குமுன் பார்வை போகட்டும். இருட்டியபின் தோப்பில் டார்ச் கட்டாயம். அடித்த பாம்பின் தலையைத் தொடாதீர்கள். துண்டான தலையும் சற்று நேரம் கொத்தும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கட்டினால் நஞ்சு ஓரிடத்தில் தங்கித் தசை அழுகும். இந்த நஞ்சு இரத்தத்தின் உறைபொருளைத் தீர்த்துவிடும். ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வரச் சில மணி நேரமும் ஆகலாம். ஆகவே வீக்கம் சிறிது என்று வீட்டில் காத்திருப்பதுதான் பெரிய தவறு.

அங்கே 2 மில்லி இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். சாய்க்கும்போது இரத்தம் உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறிவிட்டது என்று பொருள். சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் தவறான முடிவைக் காட்டும். மருந்து போட்ட 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதிப்பார்கள், அதற்குள் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். குழந்தைக்குக் குறைத்துப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளப்பதில்லை, பெரியவருக்குப் போடும் அளவேதான் குழந்தைக்கும்.