இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2022ல பெற்றோல் கியூ காலத்துல வாங்கின சைக்கிளாம், பிறகு பல்கனில கடல் காத்து குடிச்சுக்கொண்டு கிடந்திருக்கு. இப்ப திருப்பி ஓடுவம் எண்டு புதுசா ஒரு சோடி பெடல் வாங்கி தானே பூட்ட வெளிக்கிட்டிருக்கிறார். வலது பக்கம் உடன கழண்டிட்டு, இடது பக்கம் ஸ்பேனருக்கு பைப் போட்டு அரை மணித்தியாலம் முக்கியும் வரேல்ல, கடைசில மற்றப் பக்கம் திருப்பினாப் பிறகுதான் வந்ததாம். புதுசை அதுல பூட்டேக்க சரிஞ்சு போய் பாதியில இறுகி நிண்டிட்டு. "கடைக்குக் கொண்டு போக வெட்கமா இருக்கண்ணா, இப்பிடியே ஓடலாமா?"

ஓடாதீங்கோ தம்பி, தெருமுனைக் கடைக்குக் கூட வேண்டாம். நான் பொடியனா இருக்கேக்க இதே வேலையை அப்பாட சைக்கிளில செய்து, ஏச்சு விழும் எண்டு வாய் திறக்காம இருந்திட்டன், மூண்டாம் நாள் ஏத்தத்துல அவர் எழும்பி மிதிக்கேக்க பெடல் அப்பிடியே பிடுங்கிக்கொண்டு வந்திட்டு, முழங்கால் தெருவில அடிபட்டு கன நாள் நொண்டினவர். அதாலதான் இவ்வளவு சொல்றன்.

நீங்க இடது பக்கம் போட்டது வலதுப் பெடலாத்தான் இருக்கும். அச்சு நுனியில எல், ஆர் எண்டு சின்னதா அடிச்சிருக்கும் பாருங்கோ. இடதுக்கு மரை எதிர்ப்பக்கம் வெட்டியிருக்கு. ஏன் எண்டு விளங்க ஒரு பேனையை கைக்குள்ள லூசாப் பொத்திப் பிடிச்சு மற்றக் கையால அதிண்ட நுனியை வட்டமா சுத்துங்கோ, நுனி போற பக்கத்துக்கு எதிரா பேனை உருளும். மிதிக்கேக்க பெடல் அச்சும் கிராங்குக்குள்ள, அதாவது பெடலைப் பூட்டுற கைக்குள்ள, அப்பிடித்தான் துளித்துளியா உருளுது, அந்த உருளல் வலது பக்கத்துல வழமையான மரையை இறுக்கும், இடதுலயும் அதே மரை எண்டா ஓட ஓட கழட்டி விட்டிடும். அதுக்குத்தான் மாத்தி வெட்டுறது. ஞாபகம் வச்சிருக்க லேசான வழி, எந்தப் பக்கப் பெடலெண்டாலும் ஸ்பேனரை மேல பார்க்க வச்சு முன் சில்லுப் பக்கம் தள்ளினா இறுகும், பின் சில்லுப் பக்கம் இழுத்தா கழரும்.

இப்ப அந்தப் பெடலை மெதுவா கழட்டுங்கோ, அது வலதுப் பெடல் எண்டா வழமை மாதிரி இடஞ்சுழியாத்தான் வரும். ஓட்டைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. சிகரெட் பெட்டி ஈயத்தாள் மாதிரி வெள்ளிச் சுருள் ஒட்டிக்கொண்டு இருந்தா அது கிராங்கிண்ட அலுமினியம், பெடல் அச்சு இரும்பெண்டபடியா எப்பவும் கிராங்தான் தோக்கும். முன் பக்கம் ரெண்டு மரை மட்டும் நசிஞ்சிருந்தா தப்பிச்சீங்கள், சைக்கிள் திருத்துற பாஸ் பின் பக்கத்தால, நல்ல மரை இருக்கிற இடத்துல இருந்து இடது மரை வெட்டுற டாப் ஓட்டி சீராக்கித் தருவார். அநேகமான பெடலுக்கு அளவு 9/16 அங்குலம். முழுக்க வழிச்சுப் போயிருந்தா லேத்துல பெருசா வெட்டி புஷ் எண்ட உள் வளையம் போடலாம், ஆனா நான் எண்டா அந்த இடது கிராங் கையை மட்டும் மாத்துவன், முழு செட்டும் வாங்கத் தேவையில்ல. கையிண்ட பின் பக்கம் 170 எண்டோ 175 எண்டோ மில்லிமீற்றர் அளவு அடிச்சிருக்கும், அதே அளவா இருக்கோணும், இல்லாட்டி ரெண்டு காலும் வித்தியாசமா மிதிக்கும்.

திருப்பிப் பூட்டேக்க மரைக்கு கொஞ்சம் கிரீஸ் பூசுங்கோ, கடல் பக்கத்துல இருக்கிற ஆக்களுக்கு இது கட்டாயம், இல்லாட்டி இரும்பும் அலுமினியமும் உப்புக் காத்துல ஒண்டையொண்டு பிடிச்சிட்டா அடுத்த முறை கழட்ட ஏலாது. முதல் நாலஞ்சு சுத்து விரலாலதான். விரலுக்கு வராட்டி பக்கம் பிழை, இல்லாட்டி சரிவாப் போகுது, அந்த நேரம் ஸ்பேனரைத் தொடாதீங்கோ.

செயினுக்கு ஸ்பிரே அடிச்ச பிறகு பிரேக் பிடிக்குதில்ல எண்டும் எழுதியிருக்கிறீங்கள். ரிம் பிரேக் எண்டா ரிம்மை சவுக்காரத் தண்ணியால கழுவி ரப்பரை அரத்தாளால லேசா உரசினாச் சரி. டிஸ்க் எண்டா பேட் எண்ணெயைக் குடிச்சிருக்கும், புதுசு போடுங்கோ, தட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலால துடையுங்கோ.

சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாட்டியும் பரவாயில்ல, கிராங் கையைக் கழட்டி பழைய ரெண்டு பெடலோடயும் ஒரு பையில போட்டு புறக்கோட்டை டாம் வீதிக்குப் போங்கோ, சைக்கிள் கடை வரிசையா இருக்கு. "இடதுல வலதைப் பூட்டிட்டன்" எண்டு நேராச் சொல்லுங்கோ, சொன்னாத்தான் பாஸ் சரியான டாப்பை எடுப்பார்.