இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா?
வாகனக் கேள்வி பதில்: ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: பாவித்த மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கையில் இருக்கும் காசுக்குள் அடங்கும். இறக்குமதி திறந்தாயிற்று, விலை இறங்கும், இன்னும் ஒரு வருடம் பொறு என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
(கொக்குவில் வாசகர்)

பதில்: விலை இறங்கும் என்ற ஒரே காரணத்துக்காகப் பொறுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மைதான். ஆனால் மூன்று வயதைத் தாண்டிய காரைக் கொண்டுவர விடமாட்டார்கள். ஆர்எக்ஸ்-8 தயாரிப்பு 2012 உடன் முடிந்துவிட்டது. ஆகவே நாட்டுக்குள் இன்று ஓடுகிறவைதான் எல்லாம். புதிதாக ஒன்று கப்பலில் வந்து இதன் விலையைக் குறைக்க வழியில்லை. எஞ்சின் நல்லதாக உள்ளவையோ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. உங்களுக்கு வந்திருக்கும் அந்தக் கார் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

இதன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு றோட்டர்கள் சுழல்கின்றன. ஒவ்வொரு றோட்டரின் மூன்று முனைகளிலும் அப்பெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய தகடு உண்டு. அது தேய்ந்தால் கொம்பிரஷன், அதாவது எஞ்சின் அறைக்குள் ஏறும் அழுத்தம், போய்விடும். பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதுதான் வழி. சாதாரண கொம்பிரஷன் கேஜை நம்பாதீர்கள். அது ஒரு றோட்டரைச் சுற்றியுள்ள மூன்று அறைகளில் ஆகக் கூடிய அழுத்தத்தை மட்டும் காட்டி நிற்கும், பழுதான அறை மறைந்துவிடும். ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகக் காட்டும் றோட்டரிக் கருவியால்தான் அளக்க வேண்டும். சூடான எஞ்சினில், நிமிடத்துக்கு 250 சுற்றுக் கணக்கில், 830 கிலோபஸ்கால் நல்ல அளவு, 680 கீழெல்லை. ஆறு அறைகளில் ஒன்று அதற்குக் கீழே போனாலும் அந்த விலைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கராஜில் கருவி இல்லையென்றால், றோட்டரி வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கொழும்பிலிருந்து நாள்கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். எஞ்சின் கட்டும் செலவுக்கு முன்னால் அது பெரிய காசில்லை.

கருவி வருமுன் நீங்களே பார்க்கக்கூடிய சோதனையும் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய், முதல் ஸ்டார்ட்டை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். அரை மணித்தியாலம் ஓடிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திரும்பவும் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் உடனே பற்றி, சூட்டில் இழுத்து இழுத்துப் பற்றினால் சீல் தேய்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். “பற்றரி வீக்” என்பார்கள். வேறு நல்ல பற்றரி போட்டு இன்னொரு தரம் பாருங்கள்.

அடுத்தது பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் இக்னிஷன் கொயில். நான்கு பிளக், நான்கு கொயில். ஒன்று பலவீனமானாலும் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கன்வேட்டரைச் சூடாக்கி அடைத்துவிடும். அந்தச் சூடு திரும்ப வந்து சீலைக் கெடுக்கும். கன்வேட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்ட கார் என்றால், ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைச் சோதனைக்குப் போக வேண்டியவரும் நீங்கள்தான்.

வாங்கினால் இரண்டு பழக்கம் கட்டாயம். இந்த எஞ்சின் ஒயிலைத் தானே கொஞ்சம் உள்ளே விட்டு எரிக்கும். அது பழுதல்ல, அமைப்பே அப்படி. அதனால் இரண்டு தரம் பெற்றோல் அடித்தால் ஒரு தரம் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மற்றது, போர்ட்டிக்கோவிலிருந்து முற்றத்துக்கு எடுத்துவிட்டு உடனே நிறுத்தக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் பெற்றோலில் நனைந்துபோய் அடுத்த ஸ்டார்ட் பற்றாது. எடுத்தால் சூடேறும் வரை ஓட வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அம்மாவின் கிளினிக் என்று எல்லாவற்றுக்கும் வீட்டில் இந்த ஒரு கார்தான் என்றால் எங்கள் பதில் வேண்டாம் என்பதே. இரண்டாவது கார் என்றால், கொம்பிரஷன் சரியென்றால், விலையின் கால்வாசியைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கவும் முடியும் என்றால், இப்போதே வாங்குங்கள்.

கேள்வி: புதிதாக இறக்குவதென்றால் மஸ்டா றோட்ஸ்டரா, டொயோட்டா ஜிஆர்86 ஆ? வரி குறையும் வரை பொறுக்கலாமா?
(பருத்தித்துறை வாசகர்)

பதில்: வரி எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி எஞ்சின் கொள்ளளவுக்கு, சீசீக்கு இவ்வளவு ரூபாய் என்று அறவிடப்படுகிறது. இறக்குமதி திறந்தபோது வந்த 2025ஆம் ஆண்டு அட்டவணையில், 1,300க்கு மேல் 1,500 வரை சீசீக்கு 4,450 ரூபாய். 1,800க்கு மேல் 2,000 வரை 7,700 ரூபாய். 2,000க்கு மேல் 2,500 வரை 8,450 ரூபாய்.

துணிக்கூரை போட்ட யப்பான் றோட்ஸ்டர் 1,496 சீசீ. அதற்கு இந்த வரி மட்டும் ஏறத்தாழ 66 இலட்சத்து 57 ஆயிரம். அதே காரின் கடினக்கூரை வகை 1,997 சீசீ: ஒரு கோடி 53 இலட்சத்து 77 ஆயிரம். ஜிஆர்86 எஞ்சின் 2,387 சீசீ: இரண்டு கோடியைத் தாண்டும். இதற்கு மேல் 2025இல் இருந்தபடி சுங்கத் தீர்வை 20 வீதம், அத்தீர்வையின்மேல் 50 வீத மேலதிகக் கட்டணம், பெறுமதி சேர் வரி 18 வீதம். காரின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து 50 இலட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குச் சமனாகச் சொகுசு வரியும் வரும். கட்டுமுன் அன்றைய வர்த்தமானியை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், வீதங்கள் மாறக்கூடியவை.

யாழ்ப்பாணத்து ஓட்டத்துக்கு 1.5 லீற்றர் றோட்ஸ்டர் தாராளம். ஊர்மனைக்குள் 50, வெளியே 70 என்ற வேக எல்லைக்குள் மூன்றாம் கியரை இரசித்து ஓடக்கூடிய கார் அது. ஜிஆர்86இன் பலத்தைக் காட்ட அதிவேகப் பாதை வேண்டும். வடக்கில் இன்னும் அது இல்லை. அதற்காக ஒன்றேகால் கோடிக்கு மேல் கூடுதல் வரி கட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வரிக்குறைப்பை நம்பிப் பொறுப்பதும் வீண். வாகன வரி அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. டொலர் ஏறினால், குறைந்த வரியையும் அது விழுங்கிவிடும். 2022 மார்ச்சில் 200 ரூபாய் மட்டில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் மூன்று வயது எல்லையைப் பயன்படுத்துங்கள். இரண்டரை வயதுக் காருக்கு யப்பானில் விலை கணிசமாக இறங்கியிருக்கும். யப்பான் கார் ஏலத்தின் அறிக்கையில் 4 அல்லது 4.5 தரம் கேளுங்கள். ஆர், ஆர்ஏ என்று இருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். பனிக்கு உப்புப் போடும் வட யப்பானில் ஓடிய கார் என்றால் அடிப்பக்கப் படம் கேட்டு வாங்குங்கள். அங்கே தொடங்கிய துரு பருத்தித்துறைக் கடற்காற்றில் இரண்டு மடங்காக வளரும்.

சுசூகி சுவிஃப்ட் ஸ்போர்ட்டும் மனதில் இருக்கட்டும். 1,371 சீசீ ரேர்போ, நான்கு பேர் இருக்கலாம். யப்பானில் இதன் தயாரிப்பை 2025இல் முடித்துவிட்டார்கள். மூன்று வயது விதி இப்படியே இருந்தால் 2028க்குப் பிறகு இறக்க முடியாது. பொறுத்தால் கைவிட்டுப்போகும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய கார் இதுதான். 95 ஒக்டேன் பெற்றோல்தான் அடிக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அது ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: ஹொண்டா எஸ்660 பாவித்தது ஒன்றை வாங்கி, தினமும் சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர எண்ணம். சரிவருமா?
(சாவகச்சேரி வாசகி)

பதில்: ஏ9 வீதியில் சரிவரும். உங்கள் வீட்டு ஒழுங்கைதான் சிக்கல். தரைக்கும் காருக்கும் இடைவெளி 125 மில்லிமீற்றர், ஐந்து அங்குலம்கூட இல்லை. அளவுகோல் எடுத்து ஒழுங்கை வாசலில் உள்ள மதகின் மேட்டை அளந்துவிட்டு முடிவெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்கு நிற்குமென்றால் அந்த இரண்டு மாதமும் கார் வீட்டில்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுபட்டால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும்.

ரயர் முன்னுக்கு 165/55ஆர்15, பின்னுக்கு 195/45ஆர்16. முன்பின் மாற்றிப் போட முடியாது. பின் ரயரின் விலையையும் அது கிடைக்குமா என்பதையும் காரின் விலை பேசுவதற்கு முதலே கேட்டுவையுங்கள். ரயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. தரையில் படும் கட்டை தேயாமல் நல்லதாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்திருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ரேர்போ எஞ்சின் என்பதால் 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்ற வேண்டும். சாமான் வைக்க இடம் அனேகமாக இல்லை. சந்தைப் பை ஒன்று பக்கத்து ஆசனத்தில்தான் இருக்கும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா தன் மஸ்ராங் காரை அப்படியே அனுப்பலாம் என்கிறார். எடுக்கலாமா?
(மானிப்பாய் வாசகர்)

பதில்: முடியாது. அது இடப்பக்க ஸ்டியரிங். இங்கே பதிவு செய்ய விடமாட்டார்கள். காசாக, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வாங்கும் காரை அண்ணாவின் பெயரில் பதியவும் வேண்டாம். பிறகு விற்க, லீசிங் வைக்க, இன்சூரன்ஸ் கேட்க, எதற்கும் அவருடைய கையொப்பம் தேடி அலைவீர்கள்.

கேள்வி: லீசிங் போட்டு வாங்கலாமா? பத்திரங்களில் எதைப் பார்க்க வேண்டும்?
(சுன்னாகம் வாசகர்)

பதில்: மத்திய வங்கி 2025 ஜூலையில் தனியார் கார்களுக்கான லீசிங்கைப் பெறுமதியின் 60 வீதத்துக்கு மட்டுப்படுத்தியது, பிறகு இன்னும் இறுக்கியது. கைக்காசு பாதி இருந்தால்தான் பேச்சுக்குப் போகலாம். பெறுமதி என்பது மதிப்பீட்டாளர் எழுதுவது, விற்பவர் கேட்பதல்ல. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டுக்கும் இடைவெளி பெரிது. 30 இலட்சத்தை ஐந்து வருடத்துக்கு, குறைந்து செல்லும் நிலுவையில் வருடம் 15 வீத வட்டி என்று எடுத்தால் மாதம் 71,400 ரூபாய் மட்டில் வரும். மொத்தம் கிட்டத்தட்ட 43 இலட்சம். கம்பனி சொல்லும் வீதம் நிலையான வட்டியா, குறைந்து செல்லும் வட்டியா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பதிவுச் சான்றிதழில் முழுமையான உரித்தாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை. விடுவிப்புக் கடிதம் கையில் வராமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் படிவங்களில், விற்பவர் எம்ரிஏ 8 படிவத்தையும், இருவரும் எம்ரிஏ 6 படிவத்தையும் ஒப்பமிட வேண்டும். 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் பெயர் எழுதாமல் ஒப்பமிட்ட திறந்த பத்திரத்தோடு கைமாறி வந்த கார் என்றால், சான்றிதழில் உள்ளவரை நேரில் காணாமல் வாங்க வேண்டாம்.

2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்தில் நனைந்த கார்களும் சந்தையில் இருக்கும். சீற் பெல்ற்றை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கோடு தெரியும். விரிப்பின் மூலையைத் தூக்கி, வயர் இணைப்புகளில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எயார்பாக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் யாரோ பல்ப்பைக் கழற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: கார் வாங்கியாயிற்று. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?
(உரும்பிராய் வாசகர்)

பதில்: விட வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் அறை நெருக்கமானது, ஆதலால் சூடேற்றம் சீக்கிரம் வரும். தயாரிப்பாளர் சொன்ன வகைக் கூலன்ற்றையும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து விடுங்கள். பழைய சொந்தக்காரர் என்ன விட்டாரென்று தெரியாவிட்டால், எஞ்சின் நன்றாக ஆறியபின் முழுவதையும் வடித்து, வடித்த தண்ணீரால் இரண்டு தரம் அலசுங்கள். வெளியே வரும் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தால் உள்ளே துரு. மூன்றாம் தரமும் அலசுங்கள். றேடியேற்றர் மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.