இல்லாத நம்பிக்கையை எங்கே வாங்குவது?

கேள்வி: இரண்டு வருடங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 'நம்பிக்கையோடு இரு', 'தைரியத்தை விடாதே' என்று எல்லோரும் சொல்கிறார்கள். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் நான்கு பரிசாக வந்துவிட்டன. படித்தால் குற்ற உணர்ச்சிதான் கூடுகிறது. டாக்டர் விசாரித்தால் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். இல்லாத நம்பிக்கையை நான் எங்கே போய் வாங்குவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: எங்கும் போக வேண்டாம். முதலில் அந்த நான்கு புத்தகங்களையும் பரண்மேல் ஏற்றுங்கள். நம்பிக்கை வற்றிப்போவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதை வரவழைத்துக்கொள் என்று நோயாளியிடமே சொல்வது, காய்ச்சலில் கிடப்பவரிடம் 'உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்' என்று சொல்வதற்குச் சமம். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேறு என்ன பேசுவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. டாக்டரிடம் எதற்காக 'பரவாயில்லை' என்கிறீர்கள்? எனக்கு ஆறு பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, அவரிடம் 'குறையவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? இந்த மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வாரங்கள் போய் இரண்டு வருடங்கள் ஆகியும் குணம் தெரியவில்லை என்றால் அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம், பேச்சு வழிச் சிகிச்சையையும் சேர்க்கலாம். தைராய்டு குறைந்தால்கூட இதே சோர்வு வரும். அதைப் பரிசோதித்தார்களா என்றும் கேளுங்கள். நீங்கள் சொல்லும் 'பரவாயில்லை'யை நம்பித்தான் அவர் பழைய சீட்டையே திரும்ப எழுதிக் கொடுக்கிறார். வாய் வரவில்லை என்றால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். ஆத்திரத்தில் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

'எனக்கு நல்ல நாளே இருந்ததில்லை' என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு உங்கள் ஞாபகத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். மார்க் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் 1986-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது தொடர்பாகத் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுகூரச் சொன்னார்கள். மற்றவர்கள் 'இன்ன நாளில் இன்னது நடந்தது' என்று சொன்ன இடத்தில், இவர்களுக்குப் பொத்தாம்பொதுவாகத்தான் நினைவு வந்தது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் பின்னர் இதையே கண்டார்கள். நல்ல நாட்கள் அழிந்துபோகவில்லை, தேடினால் கைக்குக் கிடைப்பதில்லை. நேற்றையே எடுக்க முடியாத மனம் நாளையை எதைக்கொண்டு வரையும்? ஆகவே 'தைரியமாக இரு' என்று சொல்ல வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். உங்களோடு அவர்கள் கழித்த ஒரே ஒரு நாளை, மழை பெய்ததா, என்ன பேசினோம், எதற்குச் சிரித்தோம் என்பதுவரை சொல்லச் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது உருப்படியான உதவி.

நோய் சொல்லும் ஜோசியத்தையும் நம்பாதீர்கள். 1841 ஜனவரி 23 அன்று, 31 வயது வழக்கறிஞர் ஒருவர் தன் தொழில் கூட்டாளிக்குக் கடிதம் எழுதினார். உயிரோடு இருப்பவர்களில் தன்னைப்போல் துயரப்படுபவர் எவருமில்லை என்றும், இனித் தேற மாட்டேன் என்றே மனதில் படுகிறது என்றும் அதில் இருக்கிறது. எழுதியவர் ஆபிரகாம் லிங்கன். அவர் ஜனாதிபதி ஆனார், நீங்களும் ஆகலாம் என்று கதையளக்க இதைச் சொல்லவில்லை; அன்றைய முடக்கத்திலிருந்து தேறி எழுந்தாலும், சோகம் அவரை ஆயுள் முழுவதும் விட்டபாடில்லை. அந்தக் கடிதத்தில் அவர் கணித்த எதிர்காலம் தப்பாகப் போனது என்பதற்காக மட்டுமே சொல்கிறேன்.

சரி, நம்பிக்கை இல்லாமல் என்ன செய்வது? மனம் வந்தபிறகு செயல் என்ற வழக்கமான வரிசையைத் திருப்பிப் போட்டு, செயலில் தொடங்கும் சிகிச்சை முறை ஒன்று 1970-களிலிருந்தே இருக்கிறது. பலன் தருகிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் செயல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் குளிக்காமலே படுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அன்றைக்குக் குளியலை விட்டுவிட்டு முகத்தை மட்டும் கழுவுங்கள். அதுவும் முடியாதென்றால் குழாயடிவரை போய்விட்டுத் திரும்புங்கள். போனதை ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள், பிறகு உங்கள் ஞாபகம் அதை மறுக்கும்.

உங்கள் கடிதம் நீல மையில் தொடங்கிக் கறுப்பு மையில் முடிகிறது. நான்கு நாட்கள் ஆயின என்று நீங்களே சொல்கிறீர்கள். நம்பிக்கை துளியும் இல்லாமல் ஆறு பக்கம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேட்பது அந்த மாதிரி வேலையைத்தான்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அழித்த வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். அதை ஒரு பத்திரிகைக்கு எழுதக் கூடாது. இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வர எத்தனை நாட்கள் ஆகுமோ! அந்த எண்ணம் இப்போதும் இருந்தால், இதைப் படித்து முடித்த கையோடு பக்கத்தில் இருப்பவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இன்றே டாக்டரிடமோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போகச் சொல்லுங்கள். உங்கள் உறையில் முகவரி இல்லை. இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்காகக் காத்திருக்க மாட்டேன்.