அம்மாவுக்குக் கட்டைவிரல் அடி மூட்டில் தேய்மானம், டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்கிறார், போடலாமா?

போடலாம். ஆனால் தேய்ந்த மூட்டை அந்த ஊசி திரும்ப வளர்க்காது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். உள்ளே இருக்கிற வீக்கத்தை அடக்கி, சில வாரமோ சில மாதமோ வலியைக் குறைத்து வைக்கும், அவ்வளவுதான். தேய்மானம் முற்றிப்போனவர்களுக்கு அதுவும் சரியாகக் கிடைப்பதில்லை.

குடியாத்தத்தில் என் பெரியம்மா கல்யாணம் ஆனதிலிருந்து பீடி சுற்றுகிறவர். இலையை வெட்டி, தூள் வைத்து உருட்டி, நுனியைக் கட்டைவிரலால் அமுக்கி மடிக்க வேண்டும், நாள் முழுக்க இதே வேலை. விரல் நுனியில் ஒரு கிலோ அளவுக்கு அழுத்தினால் அடி மூட்டில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் பளு இறங்கும் என்கிறார்கள், அப்படியானால் அந்த மூட்டு என்ன பாடு பட்டிருக்கும் என்று பாருங்கள். கடைசியில் பூட்டில் சாவியைத் திருப்பக்கூட முடியாமல் போய்த்தான் ஊசிக்குச் சம்மதித்தார்.

டாக்டர் கட்டைவிரலை இழுத்துப் பிடித்து, மூட்டில் இடைவெளி வரவைத்து ஊசியை இறக்கினார். மரத்துப்போகிற மருந்தும் சேர்த்துத்தான் போடுவார்கள், அதனால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும். மரப்பு விட்டதும் அன்று ராத்திரி வலி முன்பைவிடக் கூடியது. சிலருக்கு ஒன்றிரண்டு நாள் அப்படி இருக்கும், பயப்பட வேண்டாம், ஐஸ் வைத்தால் போதும். ஆனால் நாளாக ஆகச் சிவந்து வீங்கி, காய்ச்சலும் வந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். பெரியம்மாவுக்கு ஏறியது, இப்படி ஆகும் என்று முன்கூட்டி யாருமே சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப்போவதும் உண்டு, நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று, வலி மணிக்கட்டுப் பக்கம், கட்டைவிரலை இழுக்கிற தசைநாணில் இருந்தால் அது வேறு நோய், அதற்கு இதே ஊசி நன்றாகவே கேட்கும். எதுவென்று டாக்டரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வலி அடங்கியிருக்கிற அந்த நாட்களை வீணாக்காதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வலி போச்சு என்று பெரியம்மா மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், வலியும் திரும்பி வந்துவிட்டது. கட்டைவிரலை அசையாமல் பிடிக்கிற ஸ்பிளிண்ட் வாங்கி வேலை நேரத்தில் போடச் சொல்லுங்கள், துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும், கைப்பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை அழைத்துப்போங்கள். சும்மா சும்மா ஊசி போட முடியாது, குறைந்தது மூன்று மாதமாவது இடைவெளி விடுவார்கள். ஆபரேஷன் செய்கிற யோசனை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஊசி போட்ட கொஞ்ச நாளில் அந்த மூட்டில் கத்தி வைத்தால் சீழ் பிடிக்கிற ஆபத்து கூடும் என்று தள்ளிப்போடுவார்கள்.