வயிற்றுப் பிள்ளைக்கு இரண்டு மொழி கேட்டால் குழப்பமா?

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தில் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. எட்டாம் மாதம் நடக்கிறது, 31 வாரம். நான் பேசுவது தமிழ், கணவர் வீட்டில் மலையாளம். இரண்டும் காதில் விழுந்தால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகும் என்கிறார் மாமியார். வயிற்றின்மேல் ஹெட்போன் வைத்துத் தமிழ்ப் பாட்டு போடு என்கிறார் நாத்தனார். என்ன செய்யட்டும்?

மருத்துவர் பதில்: இரண்டு மொழியும் கேட்கட்டும், அம்மா. அதனால் பேச்சு தாமதமாகாது. ஹெட்போன் மட்டும் வேண்டாம்.

28 வாரத்துக்குப் பிறகு பிள்ளைக்கு நன்றாகவே காது கேட்கும். ஆனால் வயிற்றுச் சதையையும் பனிக்குட நீரையும் தாண்டும்போது கூர்மையான ஒலிகள் அடங்கிவிடும். சொல் தெளியாது, ஏற்ற இறக்கமும் தாளமும்தான் போய்ச் சேரும். உங்கள் குரல் எலும்பு வழியாகவும் இறங்குவதால் அதுவே மற்றெல்லாக் குரலையும்விட அழுத்தமாகக் கேட்கும். 1980-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ரப்பர் காம்பைச் சூப்பும் இடைவெளியை மாற்றினால் தாயின் குரல் ஒலிக்கும்படி செய்திருந்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் அதற்கேற்ப மாற்றிச் சூப்பின!

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துவது 2010-இல் வெளியான ஒரு கனடா ஆய்வு. கர்ப்பத்தில் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான டகாலோக்கும் பேசிய தாய்மாரின் சிசுக்கள் இரண்டையும் ஒரேபோல ஆர்வமாகக் கேட்டன. இரண்டும் வேறு என்றும் கண்டுகொண்டன. தமிழும் மலையாளமும் தாளத்தில் நெருக்கம் என்பதால் பிரித்தறியச் சற்று நாளாகலாம். அப்படி நெருங்கிய ஸ்பானிஷையும் கட்டலானையும் கேட்டு வளரும் பார்சலோனாக் குழந்தைகள் 4 மாதத்திலேயே பிரித்துவிடுகின்றன.

பிள்ளை உள்ளே பெரும்பாலும் தூக்கத்தில் இருக்கும். வயிற்றில் ஒட்டிவைத்த ஹெட்போனின் சத்தம் உள்ளே எவ்வளவு போகிறது என்று வீட்டில் அளக்க வழியில்லை. காலையும் இரவும் பத்து நிமிடம் நீங்களே பேசுங்கள், தினமும் ஒரே தாலாட்டைப் பாடுங்கள். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மலையாளத் தாலாட்டான தாராட்டைப் பாடட்டும். பிறந்தபின் அழும்போது அதே பாட்டுகள் கைகொடுக்கும்.

அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் பாடி எழுப்பிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பிறந்ததும் முதல் ஒரு மணி நேரம் குழந்தையை உங்கள் வெறும் மார்பில் கிடத்தச் சொல்லுங்கள். முகத்தை 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பேசுங்கள். அதற்கப்பால் குழந்தைக்கு மங்கல்தான். ஒரு மாதத்துக்குள் காது கேட்கும் சோதனை, வலி கிடையாது. முதல் முறை தேறாவிட்டால் காதில் நீர் தங்கியதாகவும் இருக்கலாம். எப்படியானாலும் மறுசோதனையைத் தள்ளிப்போடாமல் மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிந்துகொள்ளுங்கள். பின்னாளில் பேச்சு தாமதமானால், “வீட்டில் இரண்டு மொழி, அதனால்தான்” என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டுக் காத்திருக்காமல் காதைச் சோதியுங்கள்.