அம்மாவோட பட்டுவை ரெண்டு மாசம் வச்சுக்கலாமா?

கேள்வி: அக்கா, எங்க அம்மா கும்பகோணத்துல தனியா இருக்காங்க. அப்பா போனதுக்கப்புறம் அவங்களுக்குத் துணைன்னா பட்டு மட்டும்தான். செவலைக் கலர் ஆம்பளப் பூனை, எட்டு வயசு, கண்ணு தொறக்காத குட்டியா கொல்லையில கெடந்தத அப்பாதான் இங்க் ஃபில்லர்ல பால் ஊத்தி வளர்த்தாரு. இப்ப அம்மாவுக்கு முட்டி ரொம்பத் தேஞ்சு போச்சு, ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னுட்டாங்க. திருச்சியில எங்க வீட்டுப் பக்கத்துலயே பண்றதா முடிவு, அப்புறம் பிசியோதெரபிக்காக ரெண்டு மாசமாவது எங்ககூட இருக்கணும். பட்டு வரலைன்னா நானும் வரலைன்னு அம்மா பிடிவாதமா இருக்காங்க. இங்க என்னன்னா நான் நாலு மாசம் முழுகாம இருக்கேன், வீட்டுக்காரருக்கு வீசிங் உண்டு, ஆறு வயசுப் பொண்ணு ரெண்டு லவ்பேர்ட்ஸ் வளக்குறா, வாடகை வீடு மூணாவது மாடி, ஹவுஸ் ஓனர் கீழயே இருக்காரு. மாமியார் பக்கத்துத் தெரு, தினமும் வருவாங்க, புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல பூனை ஆகாதுங்கிறாங்க. சொந்தக்காரங்கள்ல ரெண்டு பேரு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுடு, அது பொழச்சுக்கும்னு சுலபமா சொல்லிட்டாங்க. எனக்கு மனசே கேக்கல. என்ன பண்றது?
— வாசகி, திருச்சி

பதில்: கூட்டிட்டு வாங்கம்மா. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் யோசிக்கணும், அது உங்க வயித்துல இருக்கிற குழந்தை இல்ல, உங்க வீட்டுக்காரரோட மூச்சு. அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல அந்த மார்க்கெட் யோசனைய இன்னியோட விட்டுடுங்க. எட்டு வருஷமா வேளாவேளைக்கு ஒருத்தர் கையால சாப்பிட்ட பூனை மார்க்கெட்டுல பொழைக்காது. அங்க ஏற்கனவே இடம் பிடிச்ச பூனைங்க அடிச்சு வெரட்டும், நாய் இருக்கு, வண்டி இருக்கு. வளர்த்த பிராணிய பட்டினி கெடக்கிற மாதிரி அம்போன்னு விட்டுட்டுப் போறது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவுப்படி குற்றம், சொந்தக்காரங்ககிட்ட அதையும் சொல்லுங்க.

இப்ப உங்க விஷயம். எல்லாரும் பயமுறுத்துறது டாக்ஸோபிளாஸ்மா கிருமிய வச்சுத்தான். பயம் பொய்யில்ல, கர்ப்பமா இருக்கும்போது முதல் தடவையா அது தொத்துச்சுன்னா குழந்தையோட கண்ணு, மூளைய பாதிக்கலாம். ஆனா அது பூனைய தொட்டா, பக்கத்துல உக்காந்தா வந்துடாது, வர்ற வழி பூனையோட மலம். அதுலயும் பாருங்க, ஒரு பூனை பெரும்பாலும் வாழ்க்கையில முதல் தடவை தொத்தும்போதுதான் ஒரு வாரத்துலேர்ந்து மூணு வாரம் வரைக்கும் அந்தக் கிருமி முட்டைய வெளிய விடும், வெளிய வந்த முட்டையும் உடனே தொத்தாது, தொத்துற நிலைக்கு வர 1 நாள்லேர்ந்து 5 நாள் ஆகும். அதனாலதான் பூனை வெளிக்குப் போற டப்பை தினமும் சுத்தம் பண்ணணும், உங்க கை அதுல படவே கூடாதுன்னு சொல்றாங்க. பட்டு எலி பிடிச்ச பூனை, கொல்லை கொல்லையா சுத்தின பூனை, அதனால இதுல சலுகையே வேண்டாம். டப் வேலை வீட்டுக்காரரோடது, கிளவுஸும் மாஸ்க்கும் போட்டு, பையில கட்டி குப்பையில போட்டுட்டு சோப்பு போட்டு கை கழுவணும். அவரு ஊர்ல இல்லாத நாளைக்கு யாருன்னு இப்பவே பேசி வைங்க. நீங்க பட்டுவை தடவலாம், தடவினா கை கழுவிடுங்க. உங்களுக்கு ஏற்கனவே அது வந்து போயிருக்கான்னு ரத்தப் பரிசோதனையில தெரியும், அடுத்த செக்கப்புல டாக்டர்கிட்ட கேளுங்க. இன்னொண்ணும் சொல்றேன், சரியா வேகாத கறியும் கழுவாத கீரையும் தோட்டத்து மண்ணும் இதே கிருமிய கொண்டு வரும், வீட்டுல எல்லாரும் பூனையவே பாத்துட்டு அதை மறந்துடுவாங்க.

வீட்டுக்காரரோட வீசிங்தான் எனக்கு கவலை. பூனை முடியாலதான் அலர்ஜின்னு நெனைக்கிறோம், உண்மையில அதோட எச்சிலும் தோலும் சுரக்கிற ஒரு புரதம் (ஃபெல் டி 1னு பேரு) அதுதான் காரணம். பூனை தன்னை நக்கிக்கும்போது அது முடியில ஒட்டி, காஞ்சு, பொடியா காத்துல மெதக்கும், துணியில மெத்தையில ஒட்டிக்கும், பூனை போனதுக்கப்புறமும் மாசக்கணக்குல வீட்டுல இருக்கும். அவரு தீபாவளி பொங்கலுக்கு கும்பகோணம் போறப்ப பட்டு இருக்கிற வீட்டுல தங்கியிருப்பாரே, அப்ப தும்மினாரா, ராத்திரி இழுப்பு வந்துச்சா, இன்ஹேலர் கூட எடுத்தாரா? அதுதான் உங்களுக்கு கெடைக்கிற நல்ல சாட்சி. ஒண்ணும் ஆகலைன்னா தைரியமா வரட்டும், ஆனா பெட்ரூமுக்குள்ள பட்டு ஒரு நாளும் நுழையக் கூடாது, பாவமா பாக்குறான்னு ஒரு ராத்திரி விட்டாலும் மெத்தையில ஒட்டிக்கும். தரைய ஈரத்துணியால தொடைங்க, வெளக்கமாறால பெருக்கினா பொடி மேல கெளம்பும். ஆம்பளப் பூனைக்கு கருத்தடை பண்ணியிருந்தா இந்தப் புரதம் கொறைவா சுரக்கும், பட்டுவுக்கு பண்ணலைன்னா கும்பகோணத்துலயே முடிச்சுட்டு, புண் ஆறினதுக்கப்புறம் கூட்டிட்டு வாங்க, மூணாவது மாடியில சுவத்துல சுவத்துல மூத்திரம் அடிக்கிற தொல்லையும் பெருமளவு கொறையும். ஆனா கும்பகோணம் போனாலே அவருக்கு இழுப்பு வருதுன்னா, இல்ல பட்டு வந்தப்புறம் இன்ஹேலர் வழக்கத்தை விட அதிகம் தேவைப்படுதுன்னா, அங்கேயே நிறுத்திடுங்க, மூச்சோட வெளையாட வேண்டாம். அப்ப பட்டு கும்பகோணத்து வீட்டுலயே இருக்கட்டும், நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரங்க காலைலயும் சாயந்திரமும் வந்து சோறு வச்சு, தண்ணி மாத்தி, கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போகட்டும், அதுக்கு பணமும் குடுங்க. பூனைக்கு ஆளு எவ்வளவு முக்கியமோ எடமும் அவ்வளவு முக்கியம், அதுவும் மோசமான வாழ்க்கை இல்ல.

அம்மா காலைப் பத்தி யாருமே சொல்லலையே உங்ககிட்ட? பூனை இருக்கிற வீட்டுல முட்டி ஆபரேஷன்னா அதுதான் பெரிய ஆபத்து. வாக்கர் வச்சு நடக்கிறவங்க காலுக்கு நடுவுல வந்து உரசுறது பூனையோட பாசம், அம்மா தடுமாறி விழுந்தாங்கன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால அம்மா நடக்கிற நேரம், பிசியோ பண்ற நேரம், ராத்திரி முழுக்க, பட்டு தனி ரூம்ல கதவு சாத்தி. ராத்திரி பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன நைட் லாம்ப் எரியட்டும். தையல் பிரிச்சு புண் நல்லா ஆறுற வரைக்கும் அம்மா கட்டில்ல அவனை ஏத்தவே கூடாது, பூனை நக்கினா புண்ணுல கிருமி ஏறும். பகல்ல அம்மா நாற்காலியில கால் நீட்டி உக்காந்ததும் மடியில ஒரு துண்டு விரிச்சு, நீங்களோ பொண்ணோ பக்கத்துல இருந்து, பட்டுவ கொண்டு வந்து விடுங்க, அவங்க ரெண்டு பேரும் ஆசை தீர இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தானே இவ்வளவும்.

உங்க வீட்டுல பழைய சாமான் போடுற ரூமோ, வாஷிங் மெஷின் வைக்கிற எடமோ இருந்தா அதை அவனுக்கு ஒதுக்குங்க. ஜன்னலுக்கு கம்பி வலை அடிச்சே ஆகணும், புறா வராம கட்டுற நைலான் வலைய பூனை கடிச்சுடும். வெளிய மண்ணுல போய்ப் பழகினவனுக்கு கடையில விக்கிற லிட்டர் (பூனை வெளிக்குப் போக டப்புல கொட்டுற குருணை) புரியாது, அதனால கும்பகோணத்துக் கொல்லை மண்ணையே ஒரு சாக்குல வீட்டுக்காரர அள்ளிட்டு வந்து டப்புல போடச் சொல்லுங்க, நீங்க தொடாதீங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா லிட்டர கலந்துக்கலாம். அம்மா கட்டி அவுத்துப் போட்ட பழைய புடவை ஒண்ணு, துவைக்காம, அவன் படுக்க. முதல் ரெண்டு மூணு நாள் பீரோவுக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருப்பான், ராத்திரி கத்துவான், இழுத்து வெளிய எடுக்காதீங்க. ஆனா ஒரு நாளைக்கு மேல சுத்தமா சாப்பிடலைன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க, பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா ஈரல்ல கொழுப்பு சேந்து உயிருக்கே ஆபத்தாயிடும். அதே மாதிரி ஆம்பளப் பூனை டப்புல முக்கி முக்கி உக்காந்து மூத்திரம் வரலைன்னா விடியட்டும்னு காத்திருக்கவே கூடாது.

கெளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கும்பகோணத்துல மாட்டாஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் வெறிநாய்க்கடி தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் முடிச்சு, அந்தச் சீட்ட கையில வச்சுக்கோங்க. ஹவுஸ் ஓனர்கிட்ட ஒளிச்சு மறைச்சு கொண்டு வராதீங்க, அம்மா ஆபரேஷன சொல்லி, இன்ன தேதி வரைக்கும்னு சொல்லி, ஊசிச் சீட்ட காட்டி நேரா கேளுங்க. தேதி சொல்லிக் கேட்டா நெறைய பேரு மறுக்க மாட்டாங்க. வர்றது கார்ல, கூடைக் கதவ வழியில தெறக்காதீங்க, எவ்வளவு கத்தினாலும்.

லவ்பேர்ட்ஸ் கூண்ட உங்க பெட்ரூமுக்கு மாத்தலாம்னு தோணும், ஆனா வீசிங் இருக்கிறவருக்கு பறவை எறகுத் தூசியும் ஆகாது. அந்த ரெண்டு மாசத்துக்கு மாமியார் வீட்டுலயோ பொண்ணோட ஃபிரண்டு வீட்டுலயோ விட்டு வைக்கிறதுதான் நல்லது. பூனைப் பல்லு லேசா கீறினாலே பறவை செத்துடலாம், அதோட வாயில இருக்கிற கிருமி அப்படி. கூண்டுக்கு வெளிய பூனை உக்காந்து பாத்துட்டே இருந்தாலே அதுங்க பயத்துல சாப்பிடாது.

மாமியார்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. சஷ்டி தேவின்னு ஒரு அம்மன், பிரசவத்தையும் பச்சக் குழந்தைங்களையும் காக்கிறவ, வங்காளத்துப் பக்கம் குழந்தை பொறந்த ஆறாம் நாள் அவளுக்குத்தான் பூஜை பண்றாங்க, அவ வாகனமே பூனைதான். இத பொறுமையா சொல்லுங்க. புள்ளத்தாச்சி வீட்டுல பூனை ஆகாதுங்கிற பேச்சு எல்லா ஊர்லயும் இல்ல. அவங்க கவலையெல்லாம் உங்க மேல இருக்கிற அக்கறைதான், டப் பக்கமே நீங்க போறதில்லன்னு கண்ணால பாத்துட்டாங்கன்னா பாதி அடங்கிடும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, அம்மாவுக்கு வலி மாத்திரை வீட்டுல எறைஞ்சு கெடக்கும். பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனைய கொன்னுடும். கீழ விழுந்தா உடனே பொறுக்கிடுங்க. பினாயில் ஊத்தி தொடைக்கிறதும் அவன் இருக்கிற வரைக்கும் வேண்டாம், கால்ல ஒட்டினத நக்கிடுவான். பீரோவுல போடுற அந்துருண்டையும் அவன் ரூம்ல இருக்கக் கூடாது.

கேள்வி: தம்பி வெளிநாடு போறான், அவனோட பூனை 20 நாள் எங்க வீட்டுல. நாங்க சுத்த சைவம். தயிர்சாதம் குடுத்து சமாளிக்கலாமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: வேண்டாங்க. பூனை கறி தின்னே வாழப் படைச்ச ஜீவன், டாரின்னு ஒரு சத்து அதோட உடம்புல போதுமான அளவு தயாராகாது, மாமிசத்துலதான் கெடைக்கணும், தொடர்ந்து இல்லாமப் போனா இதயமும் கண்ணும் கெடும். 20 நாள்ல அது நடக்காது, சரிதான், ஆனா பழகாத சாப்பாட்ட பாத்து அது பட்டினி கெடக்கும், அதுதான் ஆபத்து. வளந்த பூனைங்களுக்கு பாலும் பல சமயம் செரிக்காது, வயித்தால போகும். உங்க அடுப்புல மீன் ஏத்த வேண்டியதே இல்ல, தம்பி எந்த ட்ரை ஃபுட் குடுக்கிறாரோ அதே பாக்கெட்ட வாங்கி வச்சுட்டுப் போகச் சொல்லுங்க, நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு சுமாரா 50–60 கிராம், பாக்கெட் பின்னாடியும் போட்டிருக்கும். தனித் தட்டு, பால்கனி ஓரத்துல வைங்க, பூஜை ரூம் கதவ சாத்திடுங்க. தண்ணி மட்டும் நெறைய, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி. வெங்காயம், பூண்டு சேத்தது எதுவும் நாக்குல படக் கூடாது, சாம்பார் சாதம் உட்பட.

கேள்வி: பெரியம்மா வீட்டுப் பூனை கோடை லீவு முழுக்க எங்ககூட இருந்துச்சு, போன வாரம் திருப்பி விட்டுட்டு வந்தோம். ஒன்பது வயசுப் பையன் சரியா சாப்பிடல, பூனைக்கு நம்மள மறந்துடும்னு அழறான். வேற குட்டி ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இப்ப வாங்காதீங்கம்மா. அவன் அழறது பூனைங்கிற சாமானுக்காக இல்ல, அந்த ஒரு பூனைக்காக. அழுதா அழட்டும், அதுல தப்பே இல்ல. பூனை பழகினவங்க கொரல அடையாளம் கண்டுபிடிக்கும், இத அவன்கிட்ட தைரியமா சொல்லலாம். மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பெரியம்மா வீட்டுக்கு கூட்டிட்டுப் போங்க, போறப்ப சாப்பாட்டுத் தட்ட அவன் கையால வைக்கச் சொல்லுங்க. அங்கயும் அது இப்ப திரும்பப் பழகிட்டு இருக்கும், அதனால முதல் தடவை கிட்ட வரலைன்னா தொரத்திப் பிடிக்காம தரையில உக்காந்து காத்திருக்கணும்னு கெளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு வருஷம் கழிச்சும் அவனுக்கு ஆசை அப்படியே இருந்து, உங்களுக்கும் வீட்டுல ஆள் வசதி இருந்தா, அப்ப தெருவுல கெடக்கிற குட்டி ஒண்ண எடுத்து வளக்கலாம், காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல.